சுறாவை விட்டவர்கள்

குனிந்து குனிந்து இடுப்பு நோவது தனக்கொடிக்குப் பழக்கம். நாற்றுப் பிடுங்கி, நட்டு, களை பறித்து, அறுத்து, கட்டு சுமந்து, வயசுக்கு வந்த நாளிலிருந்து நொந்த இடுப்பு அது. நோகாத நாளில்தான் உடம்பில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். உட்கார்ந்து நோவதுதான் புதுசு. விடிந்ததிலிருந்து வரப்பில் காலை மடக்கிச் சும்மா உட்கார்ந்திருந்ததில் தொடை மரத்துப்போய், முழங்கால் குத்தி, வால் எலும்பில் யாரோ ஆணி அடிப்பது போல இருந்தது. வயிறு வேறு. நேற்றுச் சாயந்திரம் குடித்த கேழ்வரகுக் கூழ் போன இடம் தெரியவில்லை.

"சாமியாருங்க எப்பிடித்தான் வருசக்கணக்கா உக்கார்றாங்களோ" என்றாள் புருஷனிடம்.

"அவுங்களுக்கு எவனோ சோறு போட்றான்டி. உனக்கு எவன் போட்றான்?" என்றான் ஆதிமூலம். வரப்பு முழுக்கச் சிரித்தது.

கிருமாம்பாக்கத்துக்கு மேற்கே, பாகூர் ஏரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் மடைக்குக் கீழே, பெரிய வீட்டுக்காரரின் சம்பா முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. எழுபத்து நாலாம் வருஷம், தை மாதக் கடைசி. காலனி ஜனம் மொத்தமும் அறுக்காமல் வரப்பில் உட்கார்ந்திருந்தது. கேட்டது பெரிசாக ஒன்றுமில்லை. கூலி நெல் அளக்கும்போது பெரிய வீட்டுக் காரியக்காரர் மரக்காலின் தலையை ஒரு கட்டையால் வழித்துவிடுவார். கோபுரமாக நின்ற நெல் சரிந்து மறுபடியும் அம்பாரத்துக்கே போய்விடும். அதே பெரிய வீட்டுக்குக் குத்தகை நெல் வந்தால் மட்டும் மரக்கால் கோபுரமாகவே நிற்கும், கட்டை எங்கேயோ காணாமல் போய்விடும். எங்களுக்கும் தலை வழிக்காமல் அள. அவ்வளவுதான்.

உட்கார வைத்தவன் சம்மந்தம். அதே காலனிக்காரன்தான், புதுச்சேரியில் மில் வேலை, சைக்கிளில் போய் வருவான். காலனியைப் பௌத்தத்துக்குக் கொண்டுவந்ததும் அவன்தான். போன வருஷம் நாக்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பிக்குவை அழைத்து வந்து எல்லோரையும் பஞ்சசீலம் ஏற்க வைத்தான். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாலும் கோயில் வாசலைத் தாண்ட விடாத ஊரில், வாசலே இல்லாத ஒரு மதம் இருக்கிறது என்றான். அது ஜனத்துக்குப் பிடித்திருந்தது.

உட்கார்வதற்கும் அவனே சட்டம் போட்டான். "அருவா வூட்டுல கெடக்கட்டும். எவனும் கைய ஓங்கக் கூடாது. அவன் திட்டுனா கேட்டுக்க. ஓங்குன கைக்குத்தான் கேஸு. ஓங்காத கைக்கு போலீசு இன்னா செக்‌ஷன் போடுவான்?"

அது சரியாகத்தான் இருந்தது. தினமும் காலையில் ஜீப் வந்தது, உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்தது, போனது. முற்றின கதிர் ஒரு பக்கம் கொட்ட ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தாங்கினால் பெரிய வீடு இறங்கி வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

அன்றைக்குக் காலையில்தான் டிராக்டர் வந்தது. பெட்டி நிறைய வெளியூர் ஆட்கள், மடியில் கருக்கரிவாள். காரியக்காரர் முன்னால் வந்து நின்றார்.

"எழுந்து வழிய விடுங்கடா. புத்தனுங்க வரப்பப் புடிச்சிக்கினா நெல்லு தானா அறுத்துக்குமா?"

"தலை வழிக்காம அளக்கறேன்னு சொல்லுங்க, நாங்களே அறுத்துத் தர்றோம்" என்றான் ஆதிமூலம். உட்கார்ந்தபடியேதான் சொன்னான்.

டிராக்டரிலிருந்து முதலில் குதித்தவனைப் பார்த்ததும் தனக்கொடிக்குப் பகீரென்றது. நாகமுத்து. சுத்துக்கேணியில் வாழ்க்கைப்பட்ட அவள் சின்னம்மா மகளின் பிள்ளை. அவன்தான் இந்தக் கூட்டத்துக்கு மேஸ்திரி.

"பெரிம்மா, நீயா?" என்று அவன் இடுப்பில் கைவைத்து நின்றான். "இங்க ஆளு பத்தலன்னு சொல்லியில்ல கூட்டியாந்தாங்க!"

"ஆளு பத்தாம இல்லடா. அளவு பத்தல."

அவன் காரியக்காரரைப் பார்த்தான். வரப்பைப் பார்த்தான். பிறகு தன் ஆட்களிடம் போய்ப் பேசினான். திரும்பி வந்து, "நாங்க அறுக்கல பெரிப்பா" என்று ஆதிமூலத்திடம் சொன்னான். "டிராக்டரு நாளைக்குக் காலையிலதான் திரும்பும். அதுவரைக்கும் களத்து மேட்டுல கெடக்கறோம். அரிசி கொண்டாந்திருக்கோம், சாயந்திரம் எல்லாருக்கும் பொங்கிடலாம். மூஞ்சப் பாத்தாலே தெரியுது, உங்க வூட்டு அடுப்புல பூன படுத்துக்கினு இருக்கும்."

காரியக்காரர் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் அப்படிப் பேசாமல் போனது தனக்கொடிக்குப் பிடிக்கவில்லை.

அவளுக்கு உள்ளே வேறொரு குடைச்சல் இருந்தது. அது மார்கழியிலிருந்து இருக்கிறது.

பஞ்சசீலம் ஏற்ற நாளில் பிக்கு ஒவ்வொரு வரியாகச் சொல்ல, காலனி திருப்பிச் சொன்னது. பாலி மொழி, யாருக்கும் ஓர் எழுத்து புரியாது. ஒவ்வொன்றுக்கும் சம்மந்தம்தான் தமிழில் அர்த்தம் சொன்னான். கொல்லக் கூடாது. திருடக் கூடாது. தப்பு நடத்தை கூடாது. பொய் சொல்லக் கூடாது. ஐந்தாவதாகப் பிக்கு 'சுராமேரய மஜ்ஜ' என்று தொடங்கினார். இவர்கள் வாயில் அது சுறாவும் மச்சமுமாகத்தான் வந்தது. சம்மந்தம் வாயைத் திறப்பதற்குள் ஆதிமூலம் குரல் கொடுத்தான்: "இன்னாபா இது, சுறா மச்சமா? சுறா துன்னக் கூடாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். சம்மந்தம் சிரிக்கவில்லை. ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பிறகு, "ஆமா" என்றான். "சுறாவ விட்டுடணும். மனுசனக் கொல்ற மீனு அது. அத்தத் துன்னா அந்தக் கொணம் வரும்."

விட்டார்கள். உயிரைக் கொடுத்துக் கடைப்பிடித்தார்கள். பூரணாங்குப்பத்திலிருந்து மீன் கூடை தூக்கிவரும் முத்துலட்சுமிதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கடல்ல இத்தினி மீனு கெடக்க, உங்க சாமிக்கு சுறா மேல இன்னாடி கோவம்?"

"சாமி இல்ல. புத்தரு."

"எவரா இருந்தா எனக்கின்னா? பிள்ள பெத்தவளுக்கு சுறாப்புட்டு குடுக்காம பூண்ட உரிச்சிக் குடுத்துக்கினு இருக்கற. பாலு எங்கேருந்துடி வரும், உன் புத்தரு கறப்பாரா?"

தனக்கொடியின் மகள் அப்போதுதான் பிள்ளை பெற்று வந்திருந்தாள். பால் சரியாக ஊறவில்லை. குழந்தை ராவெல்லாம் கத்தியது. கூடையில் பால்சுறா இருந்தது, தனக்கொடி வாங்கவில்லை. கேவலம் நாக்கை அடக்க முடியாதவர்களா நாம் என்று நினைத்துக்கொண்டாள். அதில் ஒரு கர்வமும் இருந்தது. பொழுது சாய்ந்தால் காலனி ஆம்பிளைகள் கிருமாம்பாக்கம் சாராயக் கடையில் வரிசையாக நிற்பார்கள். அதைப் பற்றிச் சீலத்தில் ஒன்றும் இல்லையே.

மார்கழியில் பிக்கு மறுபடி வந்தபோது கூடவே கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்து ஓய்ந்த ஒரு தமிழர் வந்தார். அவர்கள் ஊரில் தாத்தா காலத்திலிருந்தே பௌத்தமாம். தனக்கொடி மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "எம் பொண்ணு பிள்ள பெத்தப்பகூட சுறா குடுக்கலைங்க" என்று பிக்குவிடம் சொல்லும்படி அவரைக் கேட்டுக்கொண்டாள்.

தங்கவயல்காரர் சொல்லவில்லை. "எந்தச் சுறாம்மா?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். அவர் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"அது மீன் இல்லம்மா. சுரான்னா சாராயம், கள்ளு. குடிச்சுப் புத்திய இழக்கக் கூடாதுங்கறதுதாம்மா அஞ்சாவது."

சம்மந்தத்தைக் கிருமாம்பாக்கம் பஸ் நிற்கும் இடத்தில் பிடித்தாள். மில் ஷிப்ட் முடிந்து வந்தவன் சைக்கிளை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் கேட்டதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டான்.

"பொய் சொல்லக் கூடாதுன்னு நாலாவது ஒண்ணு கீதே தம்பி" என்றாள். "அதுவாவது நெசமா, இல்ல அதுவும் எதுனா மீனா?"

"அக்கா, கத்தாத."

"எம் பேரப்பிள்ள பாலு இல்லாம நோஞ்சானாக் கெடக்குதுடா."

"தப்புதான்க்கா. ஆனா ரோசன பண்ணிப் பாரு. சாராயத்த விடுன்னு அன்னிக்கு சொல்லியிருந்தா பாதி ஆம்பள எழுந்து பூட்டிருப்பான். உன் வூட்டுக்காரரே மொதல்ல எழுந்திருப்பாரு. சங்கம் ஏது, சீலம் ஏது? மொதல்ல சேரட்டும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னு பாத்தேன். நாளு போகப் போக வாய் வரல."

"இப்ப சொல்லு."

"தை பொறந்தா அறுப்பு. மரக்கா பேச்ச எடுக்கப் போறோம். இந்த நேரத்துல சம்மந்தம் பொய்யன்னு ஆயிட்டா அத்தினியும் ஒடஞ்சிடும். அறுப்பு முடியட்டும்க்கா. கோபுரமா அளந்து வாங்குன அன்னிக்கு, அதே களத்து மேட்டுல, நானே எல்லாருக்கும் சொல்றேன்."

தனக்கொடி நின்றாள். குடித்துவிட்டு ஆதிமூலம் அவளை அடிக்காத வாரம் கிடையாது. இந்த ஒரு வார்த்தை வெளியே வந்தால் காலனியில் எத்தனை பெண்களுக்கு உடம்பு ஆறும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மரக்காலும் கண்ணுக்கு முன்னால் நின்றது. கட்டையால் வழித்துப் போன நெல் அவள் ஆயுசுக்கும் எத்தனை கலம் இருக்கும்! அது வேண்டும் அவளுக்கு. அதைவிட, ஒரு தடவையாவது கேட்டு வாங்கியவளாக இருக்க வேண்டும்.

"சரி" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை.

சுத்துக்கேணி ஆட்கள் அறுக்க மறுத்த அன்றைக்கு மத்தியானம், வெயில் தாழும் நேரத்தில், பெரிய வீட்டு மாட்டு வண்டி காலனி ஜனம் உட்கார்ந்திருந்த இடத்துக்கே வந்தது. மேலே வைக்கோல் பரப்பி, அடியில் சாராயக் கேன்கள். வண்டிக்காரன் இறக்கி வைத்தான்.

"ஐயா குடுத்தனுப்புனாரு. பொங்கலுக்குக் குடுக்கல இல்ல, அதுக்காம். அறுக்காட்டிப் பரவால்ல, தாகமாவது தீரட்டும்னாரு."

"அவன் சரக்கக் குடிச்சிட்டு அவனுக்கே அறுக்காம உக்காந்தா அதுதாண்டா போராட்டம்!" என்று ஆதிமூலம் எழுந்தான். வெறும் வயிற்றில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்த ஆம்பிளைகள் எல்லோரும் எழுந்தார்கள்.

சம்மந்தம் குறுக்கே வந்தான். "வேணாம்பா. இது தூண்டிலு. அப்பிடியே மண்ணுல கவுத்துடுங்க."

"ஏன், உள்ள சுறா கெடக்குதா?" என்றான் ஒருத்தன். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. ஆதிமூலம் கேனுக்குள் எட்டிப் பார்ப்பது போல நடித்து, "ஒரு மச்சமும் காணம், தாராளமாக் குடிக்கலாம்" என்றான்.

தனக்கொடி சம்மந்தத்தின் கையைப் பிடித்து வைக்கோல் போருக்குப் பின்னால் இழுத்தாள்.

"இப்ப சொல்லு. இப்பவே சொல்லு."

அவன் முகம் வெளுத்திருந்தது. "இப்ப சொன்னா எவன்க்கா நம்புவான்? குடிக்க வுடாம பண்றதுக்குக் கத கட்றான்னுவான். நான் பொய்யன், சாராயம் குடுத்தவன் நல்லவன்னு ஆயிடும். இந்த ஒரு பொழுதுதான். காலையில அவுங்க டிராக்டரு பூடும், ரெண்டு நாள்ல பெரிய வூடு எறங்கிடும்."

"நீ சொல்லாட்டி நான் சொல்றேன்."

"சொல்லுக்கா. உன்னால உடையட்டும்."

அவள் போரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். எழுந்து நின்று நாலு வார்த்தை சொன்னால் போதும். தங்கவயல்காரர் சொன்னதைச் சொன்னால், நாலு பெண்களாவது எழுந்து கேனை உதைத்திருப்பார்கள். எல்லாமே வாய் வரைக்கும் வந்தது. வயலைப் பார்த்தாள். தங்கம் மாதிரி சாய்ந்து கிடந்தது. இன்னும் இரண்டு நாள்தானே. வாயை மூடிக்கொண்டு போய்ப் பெண்களோடு உட்கார்ந்தாள்.

குடித்தார்கள். வண்டிக்காரன் போகவில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் குந்திப் பேசிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் கிளப்பிவிட்ட பேச்சு காலனி முழுக்கப் பரவியிருந்தது. சுத்துக்கேணிக்காரன்களுக்குக் கூலி ரெட்டிப்பாகிவிட்டதாம். பொழுது மறைகிற நேரத்தில், இவர்கள் போதையில் கிடக்கும்போது, மேலண்டைக் கழனியை அறுத்துக் கட்டிவிடப் போகிறார்களாம். அரிசி பொங்கிப் போடுகிறேன் என்றது அதற்குத்தானாம்.

களத்து மேட்டில் நிஜமாகவே சோறு பொங்கிக்கொண்டிருந்தது. தனக்கொடி காலனிக் குழந்தைகளுக்கு வாங்கி வரக் குண்டானோடு அங்கே போயிருந்தாள். நாகமுத்துவைக் காணோம். ராத்திரி படுக்கக் கீழே விரிப்பதற்கு வாய்க்கால் ஓரம் கோரை அறுக்கப் போயிருக்கிறான் என்றார்கள்.

அவள் குண்டானோடு திரும்பும்போது பொழுது மசமசவென்று இருந்தது. வரப்பில் நாகமுத்து எதிரே வந்தான். தலையில் கோரைக் கட்டு. கையில் கருக்கரிவாள். அந்த மங்கலில் அது நெற்கட்டு மாதிரிதான் இருந்தது. தெரிந்தவளுக்கே அப்படித்தான் தோன்றியது. பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஆதிமூலம் ஓடி வந்துகொண்டிருந்தான். தென்னை மட்டை வெட்டும் கத்தி கையில் இருந்தது.

"எங்க நெல்ல அறுத்துக்கினு எங்களுக்கே சோறாடா!"

"யோவ், அது கோரை! நம்ம நாகமுத்துயா!" என்று அவள் கத்தினாள்.

"பெரிப்பா" என்றான் நாகமுத்து. அதற்கு மேல் பேச அவனுக்கு நேரம் இல்லை. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, தடுக்க வலது கையை நீட்டினான். கத்தி மணிக்கட்டுக்கு மேலே விழுந்தது. ஒரே வெட்டு. மட்டையை வெட்டிப் பழகின கை, தப்பவில்லை. கோரைக் கட்டு சரிந்து வரப்பில் விழுந்தது. அவன் உட்கார்ந்தான். தன் கையைத் தேடுகிறவன் போலச் சேற்றைப் பார்த்தான். தனக்கொடி முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை.

ஆதிமூலம் கோரையைக் கையில் எடுத்துப் பார்த்தான். மோந்து பார்த்தான். அப்புறம்தான் கத்தியைப் போட்டான்.

இத்தனை நாளும் செக்‌ஷன் கிடைக்காமல் திரும்பிப் போன ஜீப்புக்கு அன்றைக்குச் செக்‌ஷன் கிடைத்தது. ஆதிமூலத்தையும் கூட ஓடிவந்தவர்களையும் ஏற்றினார்கள். தூண்டிவிட்டவன் என்று சம்மந்தத்தையும் ஏற்றினார்கள். மில் வேலையும் போயிற்று. சாராயம் கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேன்களை வண்டிக்காரன் விடிவதற்குள் எடுத்துக்கொண்டு போயிருந்தான். லாக்கப்பில் வைத்துச் சம்மந்தம் எல்லோரிடமும் உண்மையைச் சொன்னானாம். ஒருத்தன் அவன் மூஞ்சியில் துப்பினானாம். ஆதிமூலம் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டானாம்.

நெல்லைப் பெண்கள் அறுத்தார்கள். வேறு வழியில்லை. காரியக்காரர் கட்டையை எடுத்து மரக்காலின் தலையை வழித்தார். முன்பெல்லாம் சட்டென்று வழிப்பார். இப்போது எல்லோரும் பார்க்கும்படி, மெதுவாக, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் வழித்தார். தனக்கொடி முறத்தைப் பிடித்து வாங்கிக்கொண்டாள்.

நாகமுத்து பிழைத்துக்கொண்டான். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து சுத்துக்கேணிக்குத் திரும்பிவிட்டான் என்று செய்தி வந்த பிறகும் தனக்கொடிக்குப் போக மனம் வரவில்லை. அடுத்த அறுப்பு தொடங்கும்போதுதான் பஸ் ஏறினாள்.

வாசலில் நாகமுத்துவின் பெண்டாட்டி கலியம்மாள் விறகு உடைத்துக்கொண்டிருந்தாள். உடைப்பதை நிறுத்தவில்லை.

"வெட்டுனவரு ஜெயில்ல கீறாரு. நீ எதுக்கு அத்தே வந்து வாசல்ல நிக்கற?"

"ஒண்ணு சொல்லிட்டுப் போவ வந்தேன்."

"அழாம சொல்லு. இங்க அழுது அழுது சலிச்சிப் பூட்டுது."

தனக்கொடி நின்றபடியே சொன்னாள். சுறாவைச் சொன்னாள், சாராயத்தைச் சொன்னாள், பஸ் நிற்கும் இடத்தில் ஒத்துக்கொண்டதைச் சொன்னாள். வைக்கோல் போரைச் சுற்றி வந்து, எழுந்து நின்று சொல்லாமல் உட்கார்ந்ததைச் சொன்னாள். "எனக்குத் தெரியும்டி. ஊர்ல எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். நெல்லு வரட்டும்னு வாய மூடிக்கினேன்."

கலியம்மாள் இப்போது கோடாலியை வைத்தாள்.

"நீ சொல்லியிருந்தா உன் வூட்டுக்காரரு குடிக்காம இருந்திருப்பாரா?"

தனக்கொடி யோசித்தாள். ஆமாம் என்று சொன்னால் நன்றாக இருக்கும். இல்லை என்று சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

"தெரியல" என்றாள்.

உள்ளேயிருந்து நாகமுத்து வந்தான். வேட்டியை இடது கையாலும் பல்லாலும் கட்டப் பழகியிருந்தான். வலது சட்டைக் கை முடிச்சுப் போட்டுத் தொங்கியது. "பெரிம்மாவுக்குத் தண்ணி குடு" என்றான். அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அவன் பங்குக் கழனிய நான் அறுத்துத் தர்றேன்" என்றாள் தனக்கொடி. "இந்த அறுப்பு மட்டும் இல்ல, எனக்கு இடுப்பு நிக்கிற வரைக்கும் வருசா வருசம் வந்து அறுக்கறேன்."

கலியம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவள் குடித்து முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறு அத்தே. வேணாங்கல. எங்களுக்கும் ஆளு இல்ல. ஆனா நீ அறுக்கறத இவரு கை போன கணக்குல கழிச்சிக்காத."

தனக்கொடி கழிக்கவில்லை. அந்த அறுப்பு அறுத்தாள், அதற்கடுத்ததும் அறுத்தாள். ஆதிமூலம் ஜெயிலிலிருந்து வந்து, குடித்து, செத்தும் போனான். அவள் இன்னும் தை பிறந்தால் சுத்துக்கேணிக்குப் பஸ் ஏறுகிறாள். நாகமுத்துவுக்கு அவள் ஒரு வலது கை தர வேண்டும்.